அரண்மனைக்கு எந்த வாசல்? சீனாவில் ஹோட்டல் அறை பிடிக்கும் முன்

பெய்ஜிங்கில் முதல் நாள் மதியம், சீனப் பேரரசர்கள் வாழ்ந்த பழைய அரண்மனையின் (தடைசெய்யப்பட்ட நகரம் என்பார்களே, அதன்) வடக்கு வாசலுக்கு வெளியே ஒரு கல் திண்டில் அம்மா உட்கார்ந்துவிட்டார். வலது முழங்காலை இரண்டு கைகளாலும் அமுக்கியபடி, "நம்ம ஹோட்டல் இந்தத் தெரு முனையிலதானே இருக்கு, காலையில ஏன் இவ்வளவு சுத்தினோம்?" என்று கேட்டார். அவருக்கு 67 வயது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். வயதானவர்களையோ சின்னக் குழந்தைகளையோ அழைத்துக்கொண்டு சீனா போகிறவர்களுக்கு இது கட்டாயம் உதவும்.

நான் பிடித்த அறையின் விளம்பரத்தில் "அரண்மனை நகரத்திலிருந்து 500 மீட்டர்" என்று இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்த 500 மீட்டர் அரண்மனையின் வடக்கு மதில் வரைக்கும்தான். உள்ளே போக தெற்கே இருக்கும் வூமென் வாசல் ஒன்றுதான் உண்டு. வடக்கே இருக்கும் ஷென்வூமென் வெளியே வருவதற்கு மட்டும். அரண்மனை தெற்கு வடக்காக ஏறக்குறைய 960 மீட்டர் நீளம். ஆகவே அகழியை ஒட்டிக் கிழக்குப் பக்கமாகச் சுற்றி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, தெற்கு வாசலைத் தொடுவதற்குள் அம்மா களைத்துவிட்டார். அதன் பிறகு அதே 960 மீட்டரை உள்ளே முற்றம் முற்றமாக, படி ஏறி இறங்கி, திரும்ப வடக்கே நடந்தோம்.

அதனால் அறை தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் எந்த வாசலில் நுழைய வேண்டும், எந்த வாசலில் வெளியே வருவோம், அந்த வாசலுக்கு எந்த மெட்ரோ நிலையம் என்று எழுதிவிடுங்கள். பெய்ஜிங்கில் சொர்க்கக் கோயில் 270 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அதன் கிழக்கு வாசலுக்கு 5-ஆம் தடத்தில் தியந்தான் தோங்மென் என்று வாசலின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. கோடை அரண்மனைக்கு 4-ஆம் தடத்தில் பெய்கோங்மென், அது வடக்கு வாசல். பெருஞ்சுவர் நகரத்துக்கு வெளியே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அதற்குக் "கிட்ட" இருக்கும் ஹோட்டல் என்று நகரத்துக்குள் எதுவும் கிடையாது, அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இந்தத் தாளைப் பார்த்தால் ஒன்று புரியும். எல்லா இடத்துக்கும் பக்கத்தில் ஓர் அறை கிடைக்காது. ஆனால் எல்லா இடத்துக்கும் ரயில் மாறாமலோ ஒரே முறை மாறியோ போகக்கூடிய ஒரு நிலையம் கிடைக்கும். அதைத்தான் தேட வேண்டும்.

இரண்டு இரவுக்குப் பிறகு நாங்கள் மாறிப்போன இடம் தெங்ஷிகோ, 5-ஆம் தடத்தில். அங்கிருந்து தெற்கே நாலாவது நிறுத்தம் சொர்க்கக் கோயிலின் கிழக்கு வாசல். வடக்கே நாலாவது நிறுத்தம் யோங்ஹகோங், திபெத்திய பௌத்த விகாரை. மூன்றாவது நிறுத்தமான பெய்சின்ச்சியாவோவில் தலைநகர விமான நிலையத்து விரைவு ரயில் வந்து முடிகிறது, கட்டணம் 25 யுவான். தெற்கே அடுத்த நிறுத்தம் தோங்தான், அங்கே 1-ஆம் தடத்துக்கு மாறினால் இரண்டே நிறுத்தத்தில் தியானன்மென் கிழக்கு. அரண்மனைக்குப் போக மேற்கே, அதன் கிழக்கு வாசலான தோங்ஹுவாமென் பக்கம் வந்து, அகழி ஓரமாகவே வூமென் முன்னால் சேர்ந்துவிடலாம். தியானன்மென் சதுக்கத்தின் நீண்ட சோதனை வரிசையில் நிற்கத் தேவையில்லை. அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு அம்மாவை டாக்சியில் ஏற்றிவிட்டேன், 13 யுவானில் தொடங்கும் வாடகை.

தியானன்மென்னுக்குத் தெற்கே ச்சியன்மென் பகுதியும் நல்லதுதான். 2-ஆம் தடமும் 8-ஆம் தடமும் அங்கே சந்திக்கின்றன, பழைய கடைத்தெரு கைக்கெட்டும் தூரம். ஆனால் சதுக்கத்தின் வழியாகத்தான் அரண்மனைக்குப் போக வேண்டியிருக்கும். சதுக்கத்துக்குள் நுழையவே முன்பதிவும் சோதனையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. நன்லுவோகுசியாங் பக்கம் இளைஞர்களுக்குப் பிடிக்கும். இரவில் தெருக்கூட்டம் குறையவே நேரமாகும், அப்பாவுக்குத் தூக்கம் கெட்டுவிடும் என்று அதை விட்டுவிட்டேன்.

ஹூதோங் எனப்படும் பழைய சந்துகளில் நாற்புற முற்றம் வைத்த வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பெரும்பாலும் தரைத்தளம் மட்டும் என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கு உண்மையிலேயே வசதி. ஆனால் கார் சந்து முனையோடு நின்றுவிடும், பெட்டியை நாம்தான் உருட்டிப்போக வேண்டும். அறையிலிருந்து முற்றத்தில் கால் வைத்தால் குளிர் நேரே முகத்தில் அடிக்கும். வசந்த காலமோ செப்டம்பரோ என்றால் தாராளமாக எடுங்கள்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. பெய்ஜிங்கில் மைய வெப்பமூட்டல் நவம்பர் 15-இல் தொடங்கி மார்ச் 15-இல் முடியும். நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். சுவரோரத்தில் வெப்பக் குழாய் இருக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஏசி சூடான காற்றும் தருமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பெரிய கட்டடங்களில் ஒரே இயந்திரம் எல்லா அறைக்கும் போகிறது. வெயில்காலத்துக்குக் குளிர் மட்டும், குளிர்காலத்துக்குச் சூடு மட்டும் என்று மொத்தமாக மாற்றுவார்கள். இடைப்பட்ட வாரங்களில் மாட்டிக்கொண்டால் கம்பளிதான் துணை. ஷாங்காய், செங்து போன்ற தெற்கத்தி நகரங்களில் இந்த மைய வெப்பமூட்டல் ஏற்பாடே கிடையாது, அங்கே குளிர்காலம் முழுக்க ஏசியை நம்பித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து மெட்ரோ நிலையத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "நிலையத்திலிருந்து 300 மீட்டர்" என்பது எந்த வெளிவாயிலிலிருந்து? பெய்ஜிங்கில் வெளிவாயில்களுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து போட்டிருப்பார்கள். அகலமான சாலையின் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டால், நடுவே தடுப்புக் கம்பி இருக்கும், அடுத்த சுரங்கப்பாதை வரை நடந்துதான் திரும்ப முடியும். 1-ஆம், 2-ஆம் தடங்கள் பழையவை, பல வாயில்களில் படிக்கட்டு மட்டும்தான். மின்தூக்கி இருக்கும் வாயில் எது என்று பார்த்து, அந்த வாயிலிலிருந்து ஹோட்டல் கதவு வரை அளக்க வேண்டும். நிலையத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பைகளைச் சோதனை இயந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும் என்பதால், பெரிய பெட்டிகளோடு போகிற நாளுக்கு மட்டும் டாக்சி வைத்துக்கொள்வது நல்லது.

தூரம் அளக்க கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம். சீன வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறு கணக்கைப் பயன்படுத்துவதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழுவதுண்டு. நம் ஊரில் சில நூறு மீட்டர் பெரிய விஷயமில்லை. இங்கே அது ஒரு அகழிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதையே மாற்றிவிடும். சீனாவின் சொந்தச் செயலிகளான காவ்தே, பைது வரைபடங்கள் சரியாகக் காட்டும். ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படம் பிடித்து கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரைச் சொன்னால் டாக்சி ஓட்டுநருக்குப் பெரும்பாலும் புரியாது. ஒரே சங்கிலி விடுதிக்கு ஒரே நகரத்தில் பத்து கிளை இருக்கும் என்பதால் கிளையின் பெயரும் முழுசாக வேண்டும்.

சரி, இடம் முடிவாகிவிட்டது. இனி அறை.

எங்கள் முதல் அறையில் ஒரு திரைச்சீலை தொங்கியது, நல்ல தடிமனான துணி. காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வரட்டும் என்று அதை விலக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடைகூடம், எதிரே இன்னொரு அறையின் கதவு. அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சீனாவில் சன்னல் இல்லாத அறைகளையும், கட்டடத்தின் உள்பக்கம் திறக்கும் சன்னல் வைத்த அறைகளையும் குறைந்த விலைக்கு விற்பது சாதாரண நடைமுறை. அறை விவரத்தில் அதை எழுதியும் இருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. "வூ ச்சுவாங்" என்றால் சன்னல் இல்லை, "நெய் ச்சுவாங்" என்றால் உள்சன்னல். "வெளிப்புறச் சன்னல் உண்டா" என்று ஒரே ஒரு கேள்வியை முன்பதிவுக்கு முன்னால் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அங்கேயே விடுதி திறந்த ஆண்டும் கடைசியாகப் புதுப்பித்த ஆண்டும் இருக்கும். நட்சத்திரத்தைவிட நான் இந்த ஆண்டைத்தான் பெரிதாக மதிக்கிறேன். பத்து வருடத்துக்கு முன் புதுப்பித்த நாலு நட்சத்திரத்தைவிட, இரண்டு மூன்று வருடத்துக்குள் புதுப்பித்த நடுத்தரச் சங்கிலி விடுதி நிம்மதி. ச்சுவான்ஜி, யாதுவோ போன்றவற்றின் அறைகள் சின்னவை, ஆனால் சுத்தம். மின்தூக்கி உண்டா என்பதைத் தனியாகப் பாருங்கள், பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் சில நேரம் இருக்காது. கட்டில் மெத்தை பொதுவாகக் கெட்டியாக இருக்கும். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது, அம்மாவுக்கு ஒரு போர்வை கூடுதலாகக் கேட்டு மடித்து விரித்தேன். வெந்நீர்க் கெட்டில் எல்லா அறையிலும் இருக்கும், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது.

காலை உணவு சேர்ந்த அறையா என்பது சைவக்காரர்களுக்கு முக்கியம். அரிசிக் கஞ்சி, மந்தோ எனும் வெறும் ஆவி ரொட்டி, சோயாப் பால், யோதியாவோ எனும் நீளமான எண்ணெய் ரொட்டி, வேர்க்கடலை, பழம் என்று அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். யோங்ஹகோங் விகாரையைச் சுற்றிச் சைவ உணவகங்கள் இருப்பதும் 5-ஆம் தடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

பாஸ்போர்ட் விஷயத்தில் அலட்சியம் கூடாது. வெளிநாட்டவர் தங்கும் இடம் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும். ஹோட்டல் என்றால் வரவேற்பு மேசையிலேயே செய்துவிடுவார்கள். யாருடைய வீட்டிலாவது தங்கினால் அந்தப் பதிவை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் பல சிறு விடுதிகள் வெளிநாட்டவரை ஏற்கவே மாட்டார்கள். அப்படி மறுக்கக் கூடாது என்று 2024-இல் அரசு சொல்லிவிட்டது. ஆனாலும் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கணினியில் ஏற்றத் தெரியாத மேசைகள் இன்னும் இருக்கின்றன. இரவு பதினோரு மணிக்கு விமானத்தில் இறங்கிப் போகிறவர்கள் இதை முன்பே ஒரு செய்தி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். விசாவுக்கு முன்பதிவு காட்ட வேண்டியிருந்ததால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைத்தான் முதலில் எடுத்தேன்.

தேதியைப் பொறுத்தவரை அக்டோபர் முதல் வாரம், மே தினத்தை ஒட்டிய நாட்கள், சீனப் புத்தாண்டு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். விலை ஏறும், கூட்டமும் தாங்காது. அரண்மனைக்கு ஏழு நாள் முன்பே பாஸ்போர்ட் எண்ணோடு சீட்டு எடுக்க வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. சீட்டு கிடைத்த பிறகு அறையை உறுதி செய்தால் நாள் வீணாகாது.

ஷாங்காய்க்குப் போகிறவர்கள் நன்ஜிங் கிழக்குச் சாலை நிலையத்தைச் சுற்றித் தேடினால் போதும். 2-ஆம் தடமும் 10-ஆம் தடமும் சேரும் இடம், ஆற்றங்கரைக்கு நடந்தே போகலாம், 2-ஆம் தடத்திலேயே புதோங் விமான நிலையமும் இருக்கிறது.

சியான் நகரத்தில்தான் எங்களுக்கு எல்லாம் சரியாக அமைந்தது. மணிக்கூண்டுப் பக்கம் அறை எடுக்கத்தான் எல்லோரும் சொன்னார்கள். நான் ஒரு நிறுத்தம் தெற்கே தள்ளி, கோட்டையின் தெற்கு வாசலான யோங்னிங்மென் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்தேன். அதிவேக ரயில் வரும் வடக்கு நிலையத்திலிருந்து 2-ஆம் தடத்தில் நேராக வரலாம். புகழ்பெற்ற சுடுமண் வீரர் சிலைகள் கிழக்கே லின்தோங்கில், 35 கிலோமீட்டருக்கு மேல். அதற்காக அங்கே போய்த் தங்க வேண்டியதில்லை, ஒரு காலை ஒதுக்கினால் போதும்.

பெரிய காட்டுவாத்துக் கோபுரத்துக்கு சியாவோட்சாய் நிலையத்தில் 3-ஆம் தடத்துக்கு மாறி ஒரே நிறுத்தம். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஏடுகளைக் காக்க 652-இல் எழுப்பிய கோபுரம் அது. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். "இவர் நம்ம காஞ்சிபுரத்துக்கு வந்துட்டுப் போனவர்டா" என்று சொல்லி, அங்கிருந்த சிலையின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அன்று மதியம் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பிவிட்டோம். அம்மா காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினார். நாலரை மணிக்கு எழுந்து, தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு, "கோட்டைப் பக்கம் போலாமா?" என்றார். அகழியை ஒட்டிய பூங்காவில் பெரியவர்கள் சிலர் கூடி இரண்டே தந்தி கொண்ட வாத்தியம் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். மதில்மேல் விளக்கு ஏற்றும் வரை அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். திரும்பி வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.