காளானை ஒடிக்காதீர்கள், தோண்டி எடுங்கள்

மழை பெய்து இடி இடித்த மறுநாள் காளான் தேடிப் போகிறவர்கள் கையோடு ஒரு சின்னக் கத்தி கொண்டுபோங்கள். தண்டை ஒடித்தெடுத்தால் பாதி அடையாளம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். நாம் சாப்பிடத் தேடும் புற்றுக் காளானின் தண்டு வேர் போல மெலிந்து கரையான் கூடு வரை இறங்கும். குடையின் நடுவில் முனை துருத்தியிருக்கும். தண்டின் அடியில் கிழிந்த பை போல ஓர் உறை தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஆளைக் கொல்லும் அமனிடா வகைகளில் இருப்பது அதுதான்.

அப்புறம் வீட்டில் ஒரு சோதனை. தண்டை நறுக்கிவிட்டுக் குடையைக் காகிதத்தில், அடிப்பக்க மடிப்புகள் கீழே இருக்கும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காகிதம் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருந்தால் நல்லது. காலையில் வித்துத்தூள் படிந்திருக்கும். புற்றுக் காளானுக்கு வெளிறிய இளஞ்சிவப்பு, அமனிடாவுக்கு வெள்ளை. பச்சையாகப் படிந்தால் அது புல்வெளியில் வரும் நச்சுக் காளான்; சில மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி. இளசில் அதன் மடிப்பும் வெள்ளைதான், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இளஞ்சிவப்பு வந்துவிட்டது என்பதற்காகவும் உடனே சமைத்துவிடாதீர்கள், அந்த நிறத்தில் நஞ்சும் உண்டு.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சும்மா. அமனிடா நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், நடுவில் தேறியது போலவும் இருக்கும், கல்லீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.