தம்பிக்குக் காதில் குரல் கேட்டால் அன்றைக்கே செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டில் ஏழு வாரம் வீணாய்ப் போனது. 19 வயதுத் தம்பி ராத்திரியெல்லாம் தூங்காமல் லயத்துக்குப் பின்னால் நடந்தான். முகம் பார்க்கும் கண்ணாடியில் பழைய பேப்பரை ஒட்டி மறைத்தான். அம்மா முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனார், அப்புறம் தாயத்து, அப்புறம் செய்வினை எடுக்கிறவர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் இன்றும் இதே வரிசைதான். கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் போங்கள். இல்லாத குரல் கேட்கும் இந்த மனநோய் தொடங்கி, முதல் மருந்து உள்ளே போகாத காலத்தில்தான் பிள்ளைகள் தங்களைப் பலமாகக் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம்.

நேராகக் கேளுங்கள். கேட்டால் புதிதாக எண்ணம் வந்துவிடும் என்று நானும் பயந்தேன், அது தவறு. பின்வாசல் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, அந்தச் சத்தம் உன்ன ஏதாச்சும் செஞ்சுக்கச் சொல்லுதா?" என்று கேட்டேன். காலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு பேரு சொல்றாங்கக்கா" என்றான். ஏழு வாரத்தில் யாருமே அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. குரல் பொய் என்று வாதாடாதீர்கள். "ரொம்பப் பயமா இருக்குமில்ல, நான் கூட இருக்கேன்" என்றால் போதும்.

குரல் கட்டளையிடுவது, தான் பெரும் பாவி என்று நம்புவது, கண்ணோ கையோ கெட்டுப்போனது, அதைத் தண்டிக்க வேண்டும் என்று பேசுவது, திடீரென்று தலையை மழித்துக்கொள்வது: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கிளம்பும்வரை தனியாக விடாதீர்கள். அரிவாள், பால்வெட்டுக் கத்தி, புல் கொல்லும் மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அகற்றிவிடுங்கள். நாங்கள் மூன்று வீடு தள்ளியிருந்த பெரியம்மாவிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னோம்.

நாங்கள் முதலில் போன கிளினிக்கில் "தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னோம். தூக்க மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். முழுதாகச் சொல்லுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "சுவாரா சுரு செடெராக்கான் டிரி" என்று மலாயில் சொல்லுங்கள், 'குரல் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளச் சொல்கிறது' என்று அர்த்தம். எத்தனை நாளாக, என்னென்ன சொன்னான் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பலர் தயங்குகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.

மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி, 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று ஊர் கேலி பேசும். பேசட்டும்.

ராத்திரியில் உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதீர்கள். மனம் தெளியும்போது, நடந்ததெல்லாம் புரிந்து அவன் உடைந்துபோகலாம். தம்பி அப்படித்தான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தான். குணமாகிவிட்டதாகத் தோன்றினாலும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள், அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போங்கள்.