மேக்புக் டச் பார்: விரலுக்குப் பழகும்படி அமைப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் ஒரு மேக்புக் ப்ரோ வாங்கியிருக்கிறீர்கள். மூடியைத் திறந்தால் எண் வரிசைக்கு மேலே எஃப்1, எஃப்2 விசைகளைக் காணோம். அந்த இடத்தில் வழவழவென்று ஒரு கண்ணாடிப் பட்டை ஒளிர்கிறது. அதுதான் டச் பார். 2016 அக்டோபரில் ஆப்பிள் இதைக் கொண்டுவந்தது. 2021-ல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் இதை எடுத்துவிட்டுப் பழையபடி முழு விசைகளை வைத்தது. 13 அங்குல மாடலில் மட்டும் 2023 வரை நீடித்தது. அதனால் இப்போது முதன்முறையாக மேக் வாங்கும் பலர் கையில் இந்தப் பட்டையோடுதான் வருகிறது.

போன மாதம் என் அக்கா அப்படி ஒன்று வாங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம்தான் ஆயிற்று. அன்று செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. இந்தப் பட்டை ஒரு சின்ன ஓஎல்இடி திரை. நீங்கள் எந்தச் செயலியைத் திறக்கிறீர்களோ அதற்கேற்பப் பட்டன்கள் மாறும். விளம்பரத்தில் பார்க்க அழகுதான். ஆனால் நம் விரல் எதையும் இடத்தை வைத்துத்தான் பழகுகிறது. கரண்ட் போன இருட்டிலும் வீட்டுச் சுவிட்ச் போர்டைத் தடவியே இது ஃபேன், இது லைட் என்று சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு முறை அறைக்குள் வரும்போதும் சுவிட்சுகள் இடம் மாறினால் எப்படி இருக்கும்? தடவிப் பார்க்க மேடுபள்ளமும் இல்லை, அழுத்தினால் சத்தமும் இல்லை. ஆகவே நம் முதல் வேலை, பட்டையை ஓரிடத்தில் நிற்கவைப்பது.

படி 1: பட்டையை நிலைநிறுத்துங்கள்

சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்து கீபோர்ட் பகுதிக்குப் போங்கள். அங்கே டச் பார் செட்டிங்ஸ் என்ற பட்டன் இருக்கும். (மேக்ஓஎஸ் மான்ட்ரேயும் அதற்கு முந்தையவையும் என்றால், சிஸ்டம் ப்ரிஃபரன்சஸில் கீபோர்ட் பக்கத்திலேயே இதே தேர்வுகள் இருக்கும்.) 'டச் பார் ஷோஸ்' என்ற இடத்தில் ஆப் கன்ட்ரோல்ஸ் என்று இருப்பதை எக்ஸ்பாண்டட் கன்ட்ரோல் ஸ்ட்ரிப் என்று மாற்றுங்கள். இனி நீங்கள் எதைத் திறந்தாலும் வெளிச்சம், ஒலி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கீழே எஃப்என் விசையை அழுத்திப் பிடித்தால் என்ன வர வேண்டும் என்ற தேர்வில் எஃப்1, எஃப்2 வரிசையை வையுங்கள்.

வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு ஆப் கன்ட்ரோல்ஸ் உண்மையிலேயே உதவும். மற்றவர்கள் ஒரு வாரம் நிலையான பட்டையோடு பழகிவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: வேண்டாததை எடுங்கள், வேண்டியதை வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அதே பக்கத்தில் கஸ்டமைஸ் கன்ட்ரோல் ஸ்ட்ரிப் என்பதை அழுத்துங்கள். திரையில் பட்டன்கள் வரிசையாக வரும்; கீழே பட்டையில் இருப்பவை லேசாக நடுங்கத் தொடங்கும். இப்போது மவுஸ் அம்பைத் திரையின் அடி விளிம்பையும் தாண்டிக் கீழே தள்ளுங்கள். அம்பு திரையைவிட்டு மறைந்துவிடும், பட்டையில் ஒரு பட்டன் பளிச்சென்று தெரியும். அம்பு அங்கே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அக்கா இதை நான்கைந்து முறை மேலும் கீழுமாகச் செய்து பார்த்தாள்.

வலது ஓரத்தில் ஆப்பிளின் குரல் உதவியான 'சிரி' (Siri) பட்டன் இருந்தால் முதலில் அதைப் பிடித்து மேலே திரைக்குள் இழுத்துப் போடுங்கள், போய்விடும். டெலீட் விசைக்கு நேர் மேலே இருப்பதால், எழுத்தை அழிக்கப் போகும் விரல் நுனி அதில் பட்டுவிடும். வெறுமனே தொட்டாலே பட்டை அதை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். அந்த மூலையில், தெரியாமல் பட்டாலும் பாதகமில்லாத ஒன்றை வையுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்புட் சோர்சஸ் பட்டனைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை முறைகளும் மேக்கிலேயே இருக்கின்றன; கீபோர்ட் பகுதியில் இன்புட் சோர்சஸில் சேர்த்தால் போதும். அப்புறம் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற ஒரு தொடுதல்தான்.

படி 3: எஸ்கேப் விசை

2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலிலும், 2020 முதல் வந்த 13 அங்குல மாடல்களிலும் எஸ்கேப் தனி விசையாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்கு முந்தையது என்றால் எஸ்கேப்பும் கண்ணாடியில்தான் இருக்கும். நிரல் எழுதுபவர்களுக்கு இது பெரிய சிரமம். கீபோர்ட் பகுதியில் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ், அதனுள் மாடிஃபையர் கீஸ். அங்கே கேப்ஸ் லாக் விசைக்கு எஸ்கேப் வேலையைக் கொடுத்துவிடுங்கள். கேப்ஸ் லாக்கை நாம் எத்தனை முறை தொடுகிறோம்?

படி 4: சில செயலிகளுக்கு மட்டும் எஃப் விசைகள்

அதே ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் ஃபங்ஷன் கீஸ் என்று ஒன்று உண்டு. கூட்டல் குறியை அழுத்தி எக்செல் போன்ற செயலியைச் சேர்த்தால், அது முன்னே இருக்கும்போதெல்லாம் எஃப்1 முதல் வரும் வரிசை தானாகத் தெரியும்.

பட்டை உறைந்துவிட்டால்

கணினியில் ஓடிக்கொண்டிருப்பவற்றைக் காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டர் செயலியைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் டச்பார் என்று அடியுங்கள். டச்பார்சர்வர் என்ற வரியைத் தேர்ந்து நிறுத்துங்கள். பட்டை ஒரு கணம் அணைந்து, புதிதாக வரும். கணினியை அணைக்க வேண்டியதில்லை.

பட்டையில் கோடு விழுந்தாலோ ஒரு பக்கம் மினுக்கினாலோ ஷிஃப்ட், கமாண்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பட்டையில் இருப்பது ஒரு படமாகச் சேமிக்கப்படும். படத்தில் எல்லாம் சரியாக இருந்து, கண்ணுக்கு மட்டும் கோடு தெரிந்தால், மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. பழுது பெரும்பாலும் திரையில்தான். பழைய மேக்புக் வாங்கப் போகிறவர்கள் கடையில் நிற்கும்போதே இதைச் செய்து பாருங்கள். எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்1 முதல் எஃப்12 வரை எல்லாம் முழுதாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

டெல் எக்ஸ்பிஎஸ் 13 ப்ளஸ் வைத்திருப்பவர்களுக்கு

2022-ல் வந்த அந்த மடிக்கணினியிலும் மேல் வரிசை தொடு பட்டைதான். ஆனால் அது திரையல்ல. விளக்கெரியும் குறிகள் மட்டுமே. எஃப்என் அழுத்தினால் ஒலி, வெளிச்சக் குறிகளுக்கும் எஃப்1, எஃப்2 வரிசைக்கும் இடையே மாறும். வேண்டிய வரிசையை நிரந்தரமாக்க எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்துத் தொடுங்கள். இடம் மாறாது என்பதால் இதில் பழகுவது சுலபம்.

வயதானவர்களுக்கு அமைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் இன்னும் ஒன்று செய்யுங்கள். பட்டையின் எழுத்து அவர்களுக்கு மிகவும் சின்னது. சிஸ்டம் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதில் ஜூம். அங்கே டச் பாருக்கான ஜூமை இயக்கினால், பட்டையில் விரல் வைக்கும்போது அதன் பெரிய வடிவம் திரையின் அடியில் தோன்றும். விரலைப் பட்டையில் நகர்த்தியபடி, கண்ணைத் திரையில் வைத்தே வேண்டியதைத் தேடிக்கொள்ளலாம்.