என்ஜினைக் குளிப்பாட்டாதீர்கள், துடையுங்கள்

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் காரை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். "பானட்டைத் திறந்து என்ஜினுக்கும் ஒரு அடி அடிச்சிடட்டுமா சார்?" என்று கேட்டார்கள். சரி என்றேன். மறுநாள் விடிகாலையில் வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் மொத்தமாக உதறியது. டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. மெக்கானிக், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்களைக் கழற்றிப் பார்த்தார். ஒரு ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. "மூணு சிலிண்டர்லதான் ஓடிட்டிருக்கு சார்" என்றார். காற்றடித்துக் காயவைத்ததும் சரியாகிவிட்டது. அந்த விளக்கைப் பொருட்படுத்தாமல் திருச்சி வரை ஓட்டியிருந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்திருக்கும்.

அன்றிலிருந்து என்ஜினை நானே வீட்டில் சுத்தம் செய்கிறேன். தூசியால் என்ஜினுக்கு வரும் கெடுதல் குறைவு. தப்பான இடத்தில் இறங்கும் தண்ணீரால் வரும் கெடுதல்தான் அதிகம்.

"மழையில் ஓடாத வண்டியா?" என்று கேட்பவர்கள் உண்டு. மழைத்தண்ணீர் பானட்டில் பட்டு வழிந்துவிடும், சக்கரம் வாரியடிப்பது கீழே இருந்து சிதறலாக வரும். இதற்கெல்லாம் தாங்கும்படிதான் வண்டியைக் கட்டியிருக்கிறார்கள். பிரஷர் வாஷர் வேறு. டயரில் நாம் அடைக்கும் காற்று 30 முதல் 35 பிஎஸ்ஐ. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பிரஷர் வாஷர்களே 100 பார் வரை, அதாவது சுமார் 1,450 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பீய்ச்சும். ஒயர்கள் சேரும் கப்ளர்களுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் இதற்கு ஈடுகொடுக்காது. உள்ளே போன தண்ணீர் அன்றே வேலையைக் காட்டாமலும் இருக்கலாம். சில மாதம் கழித்து கப்ளரின் செப்பு முனைகளில் பச்சை பூத்து, ஒரு நாள் ஓடும், ஒரு நாள் மக்கர் செய்யும். அந்தக் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்க மெக்கானிக்குக்கே நாள் கணக்காகும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் இந்த அழுத்தத்தில் மடங்கிப்போகும்.

அடுத்த தவறு சூடு. ஓட்டி வந்து நிறுத்தியதும் பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும், குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் டீகிரீசர் அடித்தாலும் வேலை செய்வதற்குள் காய்ந்து கறையாகிவிடும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் சுத்தம் செய்வதே உத்தமம். அவசரமென்றால் கையை வைத்தால் சுடாத அளவுக்காவது ஆற விடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் இருக்கிறது: டீசல் அடித்துக் கழுவுவது. எண்ணெய்ப் பிசுக்கு சட்டென்று இளகிவிடும், பார்க்கவும் பளபளவென்று இருக்கும். ஆனால் டீசல் முழுதாகக் காயாது. அது படிந்த இடத்தில் ஒரே வாரத்தில் புழுதி இரட்டிப்பாக ஒட்டும். ரப்பர் ஹோஸ்களும் பெல்ட்டும் ஊறி வலுவிழக்கும். பெட்ரோலை வைத்துத் துடைப்பது இன்னும் மோசம். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும், பேட்டரி முனையில் ஒரு சின்னப் பொறி போதும். வீட்டு போர்ட்டிகோவில் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பதறும். தயவுசெய்து வேண்டாம். கடைகளில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் டீகிரீசரோ, நீர் கலந்த கார் ஷாம்பூவோ போதும். சக்கரத்துக்கு விற்கும் ஆசிட் கலந்த கிளீனர் என்ஜின் பக்கமே வரக் கூடாது, அலுமினிய பாகங்கள் வெளிறிப்போகும்.

சரி, எப்படிச் செய்வது? மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் 10 எம்எம் ஸ்பேனர் போதும். பாசிட்டிவ்வை முதலில் தொட்டால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்டதும் பெரிய பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. கடிகார நேரம் அழிந்துபோகும், திரும்ப வைத்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், அப்போது கை உள்ளே இருந்தால் ஆபத்து. பேட்டரி கழன்றிருந்தால் அது சுற்றாது.

ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), ஃபியூஸ் பாக்ஸ், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏர் ஃபில்டர் காற்று இழுக்கும் வாய், காயில்கள், இவற்றை பாலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். காற்று வாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்த நொடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். எண்ணெய் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் மூடி எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, அதில் தண்ணீர் சேரவே கூடாது. ஹைப்ரிட் வண்டியில் ஆரஞ்சு நிற ஒயர்கள் போகும் பகுதியைத் தொடாமல் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் காய்ந்த அழுக்கு. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வாக்யூம் கிளீனரால் இழுங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் வேப்பஞ்சருகு அடைத்திருக்கும். அங்கே வடிகால் அடைபட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் காருக்குள்ளேயே வந்துவிடும், ஆகவே அதை மறக்காமல் அள்ளுங்கள்.

எலிக்கூடோ புழுக்கையோ கண்ணில் பட்டால் மட்டும் வேலையை நிறுத்துங்கள். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி, கையில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண் வழியாகவோ உடம்புக்குள் போய் எலிக்காய்ச்சலை உண்டாக்கும். பைப்பை வைத்து அடித்தால் அந்தத் தண்ணீர் நேராக உங்கள் முகத்தில்தான் தெறிக்கும். காற்றடித்துப் பறக்கவிடுவதும் தவறு. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, காகிதத்தால் அள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். கடித்துச் செப்பு தெரியும் ஒயர் இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை ஈரத்துணிகூட வேண்டாம்.

பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் டீகிரீசரை, பாகத்தின் மேல் அடிக்காமல் பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். சில நிமிடம் கழித்து ஈரப் பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். பெல்ட்டில் டீகிரீசரோ பாலிஷோ படக் கூடாது, பட்டால் வழுக்கும், கீச்சிடும். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கலந்த அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், கீழே பழைய அட்டை விரித்து உறிஞ்ச விடுங்கள்.

கவர்களை அவிழ்த்த பிறகு, பானட்டைத் திறந்தபடி வெயிலில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். நம் ஊர் வெயில் இதற்கு நன்றாக உதவும். எத்தனை பை கட்டினீர்களோ அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐட்லில் ஓடவிடுங்கள். பளபளப்புக்காக சிலிகான் ஸ்ப்ரே அடிப்பதை நான் விட்டுவிட்டேன், அது புழுதிக்குப் பசை பூசுவது மாதிரி.

ஒன்றை மட்டும் தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டும்: அழுக்கோடு இருக்கும் என்ஜினை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைப்பது. எண்ணெய் எங்கே கசிகிறது என்பதற்கு அந்தப் பிசுக்குதான் சாட்சி. சுத்தம் செய்து ஒரு வாரம் கழித்து, டார்ச் அடித்து அதே இடங்களைப் பாருங்கள். வால்வ் கவர் விளிம்பில் மறுபடி எண்ணெய் ஈரம் தெரிந்தால், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹோஸ் முனையில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தடம் இருந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. பழைய போட்டோவையும் புதியதையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.