சபை பிரிகிறதா? சொத்துக் கோப்பைக் கைமாற்றும் விதம்

ஒரு பிரதேச சபை இரண்டாகப் பிரியும்போதும், எல்லை மாறி நாலைந்து கிராம அலுவலர் பிரிவுகள் பக்கத்துச் சபைக்குப் போகும்போதும் ஊரெல்லாம் பேசுவது வட்டாரங்களைப் பற்றித்தான். சொத்துக் கோப்பு மட்டும் சத்தமில்லாமல் ஒரு முகாமைத்துவ சேவை அலுவலரின் மேசைக்கு வந்துவிடும். அந்த மேசையில் புதிதாக உட்கார்ந்திருப்பவருக்காக இது.

இலங்கையின் கிழக்கில் இந்த வேலை எப்போது வேண்டுமானாலும் வரலாம். 1987க்கு முன்னர் நான்கு உள்ளூராட்சி சபைகளாக இருந்த கல்முனைப் பிரதேசம் ஒன்றாகி, 2001இல் மாநகர சபையானது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அரசியல் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோப்பு ஆயத்தமாக இருக்கட்டும்.

படி 1: வர்த்தமானியை வரி விடாமல் வாசியுங்கள்

எல்லை விவரணத்தையும் நடைமுறைக்கு வரும் திகதியையும் கோடிட்டு வையுங்கள். எல்லையை வரைபடத்திலும் வரைந்து பாருங்கள். தோணாவோ வாய்க்காலோ எல்லையாக வரும் இடத்தில், கரையோரம் நிற்கும் சனசமூக நிலையம் எந்தப் பக்கம் என்று கதிரையில் இருந்து சொல்ல முடியாது. போய்த்தான் பார்க்க வேண்டும். நமது நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. திகதி ஆண்டின் நடுவில் விழுந்தால், அந்த நாளுக்கு ஓர் இடைக்காலக் கணக்கு வேண்டும் என்று கணக்காளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 2: பட்டியல்

நிலையான சொத்துப் பதிவேடு, கடைசி வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பு அறிக்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை முதலில் தேடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் தொண்டு நிறுவனங்கள் கட்டிய கட்டடங்களையும் கொடுத்த வாகனங்களையும் தனியாகப் பாருங்கள். கொடுத்தவர் போய்விட்டார், பொருள் பாவனையில் இருக்கிறது, கையளித்த கடிதம் எங்கே? அதுதான் கேள்வி.

படி 3: காணி

மற்ற எல்லாப் படிகளுக்கும் சேர்த்து ஒரு மாதம் என்றால், இதற்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்கலாம். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதும்போது உறுதி யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காத தகப்பன் நம்மூரில் இல்லை. சபைக் காணிக்கும் அதே கண் வேண்டும்.

பழைய உறுதியை விரித்தால் பெரும்பாலும் ‘கிராம சபை’ என்ற பெயர்தான் இருக்கும். கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்திச் சபைகள் சட்டத்தோடு மறைந்தன. பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்து, 1988 ஜனவரி 1 முதல் இன்றைய சபைகள் இயங்கத் தொடங்கின. பெயர் பழையதாக இருப்பதால் காணி கைவிட்டுப் போனதாக அர்த்தமில்லை. ஆனால் கிராம சபை, அபிவிருத்திச் சபை, பிரதேச சபை என்று உரிமை வந்த வழியை ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதற்பக்கத்தில் கோர்த்து வையுங்கள். காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுப் பிரதியும் நில அளவை வரைபடமும் அதற்கு அடுத்த பக்கங்கள்.

அரச காணி வேறு கதை. நாற்பது வருடம் சபையே மைதானமாகச் செப்பனிட்டு வந்தாலும், சபைக்குப் பாரப்படுத்திய, அதாவது சட்டப்படி உரிமையாக ஒப்படைத்த, பத்திரம் இல்லாவிட்டால் அதைச் சொந்தம் என்று எழுத வேண்டாம். ‘பராமரிப்பில் உள்ளவை’ என்று தனிப்பட்டியல் போட்டுப் பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். நன்கொடைக் காணியில் நிபந்தனையைத் தேடுங்கள். ‘வாசிகசாலைக்கு மட்டும்’ என்று கொடுத்திருந்தால் அந்த வரியும் சேர்ந்துதான் புதிய சபைக்குப் போகும்.

சட்டமே நேரடியாகப் பாரப்படுத்தினால் தனி உறுதி தேவைப்படாது. அப்படி இல்லாமல் ஒரு சபை இன்னொரு சபைக்குக் காணி எழுதுவதென்றால் தீர்மானம் மட்டும் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்ட உறுதி வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று சபையின் சட்டத்தரணியிடம் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்காய்வில் நிற்காது.

படி 4: வீதி

ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. கல்முனை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி உங்கள் பட்டியலில் இருந்தால் வெட்டிவிடுங்கள். அதன் ஓரத்தில் சபை பூட்டிய தெருவிளக்குகளை வெட்டிவிடாதீர்கள்.

படி 5: வாகனம்

பதிவுச் சான்றிதழ் யார் பேரில் இருக்கிறது? தகடு இலக்கம் மட்டும் குறித்தால் போதாது. சேசியில் வெள்ளைத்தாளை ஒட்டிவைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். இலக்கம் தாளில் ஏறும். அதைச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, தாளையும் கோப்பில் போடுங்கள். ஓடாமல் கராஜில் நிற்கும் ட்ராக்டரையும் எழுதத்தான் வேண்டும். துரு ஏறியதைத் தள்ளிவிட்டு நல்லதை வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லாச் சபையிலும் உண்டு. கழிக்க வேண்டியதைப் பிரிவதற்கு முன்பே ஏலம் போட்டுக் காசைப் பிரிப்பது இரு தரப்புக்கும் நிம்மதி.

படி 6: சொத்தோடு ஒட்டிய கடமை

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதை. ஒரு சந்தைக் கட்டடத்தில் பத்துக் கடைகள், ஒவ்வொருவரும் ஐம்பதாயிரம் ரூபா வைப்புப்பணம் கட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். கட்டடம் புதிய சபைக்குப் போகிறது; வாடகை இனி அங்கேதான். ஐந்து இலட்சம் ரூபா பழைய சபையின் நிலையான வைப்பிலேயே கிடந்தால், நாளைக்குக் கடையை விடுகிற ஆள் எந்த வாசலில் போய் நிற்பார்? கட்டடம் போகிற அன்றே வைப்புப்பணமும் ஒப்பந்தங்களும் நிலுவைப் பட்டியலும் போக வேண்டும். சோலைவரி (ஆதன வரி) நிலுவை, முடியாத வழக்கு, அந்தக் கட்டடத்துக்கென எடுத்த கடன் ஆகியவற்றுக்கும் இதே விதி.

படி 7: பங்கு

நிலத்தில் நிற்பது நிலத்தோடு போகும். அசைவதற்குத்தான் பேச்சுவார்த்தை. சனத்தொகை விகிதத்தில் பிரிப்போம் என்று யாராவது தொடங்குவார்கள். வங்கி மீதிக்கு அது சரி. தண்ணீர்ப் பவுசருக்குச் சரிவராது. கோடையில் அது எந்த ஊர்களுக்கு ஓடியது என்று ஓட்டப் பதிவேடு சொல்லும், அதைப் பார்த்துக் கொடுங்கள்.

படி 8: கையொப்பம்

இரு சபைகளின் தீர்மானம், இரு செயலாளர்களின் கையொப்பம், உள்ளூராட்சி உதவி ஆணையாளரின் முன்னிலை. ஒவ்வொரு பொருளுக்கும் நேரே அதன் நிலையையும் எழுதுங்கள்: ‘இயங்குகிறது’, ‘திருத்த வேண்டும்’, ‘காணவில்லை’. ‘காணவில்லை’ என்று எழுதத் தயங்கினால் அதற்குப் பொறுப்பு புதிய சபையின் தலையில் ஏறும். ஒரு பிரதி கணக்காய்வுப் பிரிவுக்கு.

பிறகு மின்சார, நீர்க் கணக்குகளின் பெயரை மாற்ற விண்ணப்பியுங்கள். கையளித்த நாளில் மானி வாசிப்பைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, அந்தப் படத்தையும் அச்சிட்டுக் கையளிப்புப் பத்திரத்தோடு இணையுங்கள்.