சென்னையில் மாத வாடகைக்குக் கார்: முதலில் பிளேட்டைப் பாருங்கள்

வேலைக்கோ அம்மா அப்பாவின் வைத்தியத்துக்கோ மலேசியாவிலிருந்து வந்து சென்னையில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு இது. காகித வேலை பெரிதில்லை. பாஸ்போர்ட், விசா, நம் லைசென்ஸ், கிளம்புமுன் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி, இங்கே தங்கும் முகவரிக்கு ஒரு சான்று, முன்பணம். அவ்வளவுதான்.

மாட்டிக்கொள்ளும் இடம் நம்பர் பிளேட். கோலாலம்பூரில் நாமே ஓட்டும் வாடகைக் காருக்கும் சொந்தக் காருக்கும் ஒரே கறுப்புப் பிளேட் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. இங்கே வெள்ளைப் பிளேட் என்றால் 'ஓன் போர்டு', சொந்த உபயோகத்துக்கு மட்டும். மஞ்சள் பிளேட் டாக்சி. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும்.

தெரிந்தவர் மூலமாக என் சித்தி மகனுக்குக் கிடைத்தது ஓன் போர்டு வண்டி. வாடகை குறைவு, வண்டியும் புதுசு. சோழிங்கநல்லூர் பக்கம் குறுக்கே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கப் போய் மீடியனில் ஏறி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. இன்சூரன்ஸ் சர்வேயர், "ஓனர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "மாச வாடகைக்கு எடுத்திருக்கேன் சார்" என்று உள்ளதைச் சொன்னான். கிளெய்ம் போச்சு. வாடகைக்கு விடக்கூடாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. ரிப்பேர் செலவு முழுக்க அவன் தலையில், முன்பணமும் திரும்பவில்லை. "சொந்தக்காரன்னு சொல்லியிருக்கலாமே" என்றாராம் ஓனர். பொய் சொல்லாததற்கு அவனைக் குற்றம் சொன்னதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால் பணம் கொடுக்குமுன் ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று), இன்சூரன்ஸ் நகல் இரண்டையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் ஈடு தரும் எஞ்சின் பாதுகாப்பும் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சாதாரண பாலிசியில் அது வராது. 2015, 2023 டிசம்பர் மழைகளில் வேளச்சேரிப் பக்கம் கார்கள் மூழ்கியதை மறக்க முடியாது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்.

சுங்கச்சாவடிக் கட்டணம் கழியும் ஃபாஸ்டேக் யார் கணக்கில், திருப்பதி, புதுச்சேரி என்று தமிழ்நாட்டுக்கு வெளியே போனால் பர்மிட் யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். ஓட்டவே பயமென்றால் நம்மிடம் இருக்கும் வண்டியைக் கூலிக்கு ஓட்டித் தரும் ஆக்டிங் டிரைவர் கிடைப்பார். அதற்கும் முறையான வண்டிதான் வேண்டும்.

"கறுப்புப் பிளேட் வண்டி வெளியே போயிருக்கு, ரெண்டு நாள் இதை ஓட்டுங்க" என்று வெள்ளைப் பிளேட் சாவியை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அந்த ரெண்டு நாளும் மெட்ரோவிலும் ஆட்டோவிலும் போய்க்கொள்ளலாம்.