வாடை மழைக்கு முன் வீட்டை ஒதுக்குதல்: மனச்சுமையைக் குறைக்க ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் வீட்டை ஒதுக்கத் தொடங்குபவர் குப்பைப் பையைக் கையில் எடுப்பதற்கு முன்னர் ஆவணப் பையைத் தயார்செய்ய வேண்டும். போரினால் 1990 இலும், 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபோதும், மறுபடி போரினால் 2006 இல் மூதூரிலிருந்தும், கையில் அகப்பட்டதோடு ஓடிய குடும்பங்கள் வாழும் மாவட்டம் இது. கிழிந்த தறப்பாளும் காலாவதியான பங்கீட்டு அட்டையும் இன்னும் அலுமாரியின் மேல் கிடப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, மறுபடியும் ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற அச்சமே. அதற்கு வழி செய்யாமல் "எறியுங்கள்" என்று சொன்னால் எவருடைய மனமும் இறுகவே செய்யும்.

ஆகவே பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் இட்டு, வீட்டார் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்; அவற்றைப் படமெடுத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்திலும், பதிவு செய்யப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் பெறலாம் என்பதால், ஒரே சான்றிதழின் மங்கிய போட்டோப் பிரதிகளை லாச்சி நிறைய அடைத்து வைக்கத் தேவையில்லை. இந்தப் பை ஆயத்தமான பின்னர், மற்றப் பொருட்களின் மீதுள்ள பிடி வியக்கத்தக்க அளவுக்குத் தளர்ந்துவிடும்.

வீட்டின் நெரிசலுக்கும் உடலின் இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்கள் உளர். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், தமது வீட்டை நெரிசலானது, வேலை முடியாதது என்று விவரித்த பெண்களிடம், கோர்ட்டிசோல் என்ற மனவழுத்தச் சுரப்பு காலை முதல் மாலை வரை வழக்கமாகக் குறையும் அளவுக்குக் குறையவில்லை. எது காரணம், எது விளைவு என்பதை அது நிறுவவில்லை. ஆயினும் முடியாத வேலையை நாள் முழுவதும் கண்ணெதிரே வைத்திருப்பது களைப்பூட்டும் என்பதை வீட்டுவேலை செய்பவர் எவரும் அறிவர்.

இந்த வேலைக்கு உகந்த காலம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களே. வடகிழக்குப் பருவமழையான வாடை தொடங்கிவிட்டால் ஈரமும் பூஞ்சணமும் சேர்ந்து, நல்ல துணியையும் கெடுத்துவிடும். போயா விடுமுறைக்கு ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாச்சி போதும், முழு வீடு வேண்டாம். குசினியில் தொடங்குவதானால், தயிர்ச்சட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு விருந்து வந்து சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு உடைந்து, உள்ளே பல்லி முட்டையுடன் புகைக்கூட்டுக்கு அருகில் நிற்பவை அவை. கன்று நடுவதற்கு வேண்டியதை அடியில் துளையிட்டு உடனே நடுங்கள், மற்றவற்றை அகற்றுங்கள். முற்றத்தில் விட்டால் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும். 2017 இல் கிண்ணியாவில் பரவிய டெங்கு உயிர்களைப் பறித்ததை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பிய, அளவு பொருந்தாத சட்டைகளைக் குற்ற உணர்வின்றிக் கொடுத்துவிடலாம்; அனுப்பியவரின் அன்பு பார்சல் வந்த அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் அடுத்தவரின் பொருளை அவர் இல்லாத வேளையில் ஒதுக்காதீர்கள். குறிப்பாக, அம்மம்மாவின் றங்குப்பெட்டியை அவரே திறக்கட்டும்.

இறந்தவரின் உடைகளுக்கு அவசரமில்லை. முதலாம் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசம் வரை அப்படியே இருக்கட்டும். பின்னர் ஒரு சேலையையோ சால்வையையோ வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுப்பது பலருக்கு இயலுகிறது. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மடித்து வைத்த சேட்டு காத்திருப்பின் பகுதி. அதை ஒதுக்கும்படி யோசனை சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

தொலைபேசிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பார்க்காத வாட்ஸ்அப் குழுக்களின் ஒலியை நிறுத்துங்கள்.

எதையும் விட முடியாமல், கட்டிலிலும் நடைபாதையிலும் பொருட்கள் நிறைந்து, அவற்றை அகற்ற எவரும் நெருங்கினால் கடும் பதற்றம் எழுமானால், அது ஒழுங்கின்மை மட்டுமாக இராது. அளவுமீறிச் சேர்த்துவைத்தல் 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் தனியான கோளாறாகவே இடம்பெறுகிறது. அத்தகையவரின் வீட்டை உறவினர் ஒரே நாளில் துப்புரவாக்கினால் நிலைமை மோசமாகலாம். முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.